நடுவில் ஒரு புந்தால்

ஹவானா
மார்ச் 2, 2009

என் அருமைத் தம்பி ஓஸ்மெலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ கடிதம் போட்டு மூன்று மாதமாகிறது. மொந்தெவிதேயோவுக்கும் இங்குமாகப் போய்வருகிற கண் டாக்டர் மரிட்சா வந்தாள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்க் கேட்டேன், "எந்தம்பி ஒண்ணும் குடுத்துவிடலையா?" என்று. "சோப்பு குடுத்தான்க்கா" என்றாள். சோப்பை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் படிப்பது? வாசனையாக இருந்தது, அது வேறு விஷயம்.

இப்போது நான் எழுதுவது ஒரு காரியமாக. நம் அறைக்கு மாற்று வீடு கிடைத்திருக்கிறது. தூரத்தில், கார்தெனாஸ் ஊரில் ஒரு குடும்பம். அவர்கள் இங்கே வருவார்கள், நான் அங்கே போவேன். வீட்டுவசதி அலுவலகத்தில் ஆளுக்கொரு கையெழுத்து, அவ்வளவுதான். தரையோடு தரையாக இரண்டு அறை, பின்னால் முற்றம், ஒரு கொய்யா மரம். வாசலில் குதிரை வண்டி போகுமாம். இவ்வளவும் இருக்கிறவர்கள் நம் ஒற்றை அறைக்கு ஏன் வருகிறார்கள் என்று நீ கேட்பாய். தாமரிஸ் என்று பெயர் அந்தப் பெண்ணுக்கு, மூன்று பிள்ளைகள். நடுப்பிள்ளைக்குச் சிறுநீரகம் சரியில்லை. வாரத்துக்கு மூன்று நாள் இங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். பாதி நாள் அவள் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நம் கட்டடத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி நாலு தெரு.

அவர்களுக்கு அறையைக் காட்ட வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறு என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீதான் அங்கே வீடுகளைக் கம்ப்யூட்டருக்குள் கட்டுகிறாயே. நம் அறையையும் அப்படிக் கட்டிக் கொடு. ஆஸ்பத்திரி ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் அவள் பார்த்துக்கொள்வாள்.

பக்கத்து வீட்டு ஃபெர்மீனுடைய போனுக்குக் கூப்பிடாதே. அந்தப் போனில் பேசினால் மாடிப்படி முழுக்கக் காது. எழுது.

உன் அக்கா,
நெரெய்தா


மொந்தெவிதேயோ
மார்ச் 19, 2009

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே. சோப்புக்குள் கடிதம் வைக்க மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உனக்கு முற்றமும் கொய்யா மரமும் கிடைக்கப்போகிறது என்று படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழு வருடமாக உனக்கு உருப்படியாக ஒன்றும் செய்யாத தம்பிக்கு இதாவது கிடைத்ததே. நிச்சயம் கட்டித் தருகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். குடிவந்த பிறகு அந்தப் பெண் தினமும் மூன்று மாடி ஏறத்தானே வேண்டும்? பார்ப்பதற்கு ஒருமுறை ஏறினால் குறைந்தா போய்விடுவாள்? சரி, உன் இரக்க குணம் எனக்குத் தெரியாதா.

இனி நான் சொல்கிறபடி அளக்க வேண்டும். நான்கு சுவரையும் தனித்தனியாக அள. எதிரெதிர்ச் சுவர் ஒரே நீளம்தானே என்று ஒன்றை அளந்து இரண்டு தடவை எழுதாதே; நூறு வருடக் கட்டடத்தில் எதுவும் ஒரே நீளம் இல்லை. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. அதிலிருந்துதான் அறை எவ்வளவு கோணல் என்று எனக்குத் தெரியும். கதவு, ஜன்னல், ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், பரண் எவ்வளவு உயரம், ஏணிக்கு எத்தனை படி. மூலைகளில் கூரை உயரம். யாரிடமாவது கேமரா வாங்கிச் சுவர்களைப் படம் எடு.

என் முதலாளி பெயர் வாஷிங்டன். சிரிக்காதே, இந்த ஊரில் அப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். அவரிடம் சொன்னேன். "ஆபீஸ் முடிஞ்சப்புறம் இங்கயே உக்காந்து பண்ணுப்பா" என்றார்.

உன் தம்பி,
ஓஸ்மெல்


ஹவானா
ஏப்ரல் 6, 2009

என் தம்பிக்கு,

எனக்கே அளக்கச் சொல்லித் தருகிறாயா? முப்பது வருடமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். ஒரு பிள்ளையைத் தூரத்தில் பார்த்தாலே கால்சட்டை அளவு சொல்லுவேன்.

என்னிடம் இருப்பது ஒன்றரை மீட்டர் டேப். ஒரு நுனியை ஃபெர்மீன் பிடித்துக்கொண்டார். சுவரில் பென்சில் கோடு போட்டுப் போட்டு நகர்ந்தோம். "எம்பத்தோரு வயசுல என்னைய தரையில தவழ விட்டுட்டியே" என்று வழியெல்லாம் முனகல். அவருக்கு டொமினோ ஆட்டம் கெட்டுப்போன ஆத்திரம். தெருப்பக்கச் சுவர் 6.20. அதற்கு எதிர்ச்சுவர் 6.26. நீ சொன்னதுதான் சரி. குட்டைச் சுவர்கள் 4.35, 4.31. மற்றதெல்லாம் தனித் தாளில் இருக்கிறது. பரண் தரையிலிருந்து 2.35. கூரை உயரத்துக்குத் துடைப்பக் குச்சியில் டேப்பைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். நாலு மூலையும் 4.80. மூலை, மூலையாகத்தான் அளந்தேன், நீ கேட்டபடி.

படங்கள் ஃபெர்மீனின் மகளுடைய கேமராவில் எடுத்தது. சுவர் மட்டும்தான் எடுத்தேன். அறை நடுவில் துவைத்த துணி தொங்குகிறது, அது எதற்கு உனக்கு.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மேல்வீட்டுக்காரன் புதிதாக ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி நிரப்பி வைத்துக்கொள்கிறான். கேட்டால் "உங்களுக்கும் ரெண்டு வாளி தர்றேன்" என்கிறான். தரட்டும்.

சீக்கிரம் செய் தம்பி. ஜூன் 12ஆம் தேதி கையெழுத்துக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். இதை விட்டால் எனக்கு இன்னொன்று கிடைக்காது.

உன் அக்கா,
நெரெய்தா


மொந்தெவிதேயோ
ஏப்ரல் 25, 2009

அன்புள்ள அக்கா,

முடித்துவிட்டேன். மரிட்சா கொடுக்கும் இந்தச் சின்னப் பென் டிரைவுக்குள் நம் அறை இருக்கிறது. தண்ணீரில் போட்டுவிடாதே.

கதவைத் திறந்து உள்ளே நுழையலாம். மவுஸை நகர்த்தினால் தலையைத் திருப்பிப் பார்க்கிறாற்போல் இருக்கும். ஏணியில் ஏறிப் பரணுக்குப் போகலாம். ஜன்னலைத் திறந்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு கீற்று தெரியும், அதையும் வைத்திருக்கிறேன். தரை ஓடு அறுநூற்று எழுபது. ஒவ்வொன்றிலும் அந்தப் பச்சைப் பூ. அம்மாவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டேன், உன் தையல் மெஷினைக் கதவுப்பக்கம். வாஷிங்டன் வந்து பார்த்துவிட்டு, "இந்த ரூமை எனக்குத் தருவாங்களா?" என்றார். பத்து நாள் ராப்பகலாக அதிலேயே குடியிருந்தேன் என்று சொல்லலாம். வெளியே குளிர் தொடங்கிவிட்டது, எனக்கு அங்கே வியர்த்தது.

ஒரே ஒரு குறை. கூரை பலகை மாதிரி தட்டையாக இருக்கிறது. அதனாலேயே பொம்மை வீடு போலத் தெரிகிறது. பழைய கூரைக்குக் கொஞ்சம் தொப்பை இருக்கும், அதைப் போட்டால் அச்சு அசல் நம் அறை. எனவே நடுவில் உள்ள புந்தாலையும் அளந்து எழுது. மற்றபடி இப்போதே நீ தாமரிஸிடம் காட்டலாம்.

உன் தம்பி,
ஓஸ்மெல்


ஹவானா
மே 14, 2009

ஓஸ்மெல்,

உனக்கு யார் சொன்னது?

மரிட்சாவா? அவள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனவள். ஃபெர்மீனாகத்தான் இருக்கும். அந்த ஆள் வாயில் ஒன்று நிற்காது. நடுவில் இருக்கும் புந்தாலை அளந்து எழுது என்று சாதாரணமாகக் கேட்கிறாயே, எவ்வளவு நாளாக உனக்குத் தெரியும்? தெரிந்துகொண்டே என்னை ஆழம் பார்க்கிறாயா?

சரி. மறைத்து இனி என்ன ஆகப்போகிறது. ஒன்றுதான் இருக்கிறது. நல்ல மரம், துறைமுகத்திலிருந்து வந்தது, என் இடுப்பளவு பருமன். ஜனவரியில் மேல்வீட்டுத் தொட்டி நிரம்பிய வாரம் கூரையிலிருந்து காரை கொட்டியது. ஃபெர்மீனும் கீழ்வீட்டு ஆட்களும் சேர்ந்து நிறுத்திக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு துண்டு விழவில்லை. உத்தரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊரில் முட்டுக் கொடுக்காத வீடு எது? மனிதர்கள் அப்படியே பிறந்து, கல்யாணம் பண்ணி, செத்தும் போகிறார்கள்.

தாமரிஸ் உன் படத்தைப் பார்த்துவிட்டாள். அழுதாள் என்று வைத்துக்கொள். பெரியவனும் கடைக்குட்டியும் பரணில் யார் படுப்பது என்று இப்போதே சண்டை. "உங்க தம்பிக்குக் கோயில் கட்டணும்க்கா" என்றாள். உனக்கு அவளே ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறாள், இதோடு இருக்கிறது.

கையெழுத்துக்கு இன்னும் நாலு வாரம். நீ வாயைத் திறக்கக் கூடாது. அம்மாவின் கடைசி இரண்டு வருடமும் மூன்று மாடி தண்ணீர் சுமந்தவள் நான். அவள் போனபோது நீ போட்டோ கேட்டாய், அனுப்பினேன். நீ வரவில்லை, நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இப்போது நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. சும்மா இரு.

உன் அக்கா,
நெரெய்தா


மொந்தெவிதேயோ
மே 29, 2009

அக்கா,

எனக்கு யாரும் சொல்லவில்லை. மரிட்சாவும் சொல்லவில்லை, ஃபெர்மீனும் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்.

நான் கேட்டது கூரை உயரம். நம் ஊரில் கூரை உயரத்துக்கும் புந்தால்தான், கூரைக்குக் கொடுக்கிற முட்டுக்கும் புந்தால்தான். ஏழு வருடமாக இங்கே 'உயரம்', 'உயரம்' என்றே பேசிப் பழகிவிட்டது, புந்தால் என்றால் இங்கே ஒருவருக்கும் புரியாது. உனக்கு எழுதும்போதாவது நம் வீட்டு வார்த்தை வரட்டுமே என்று ஆசையாக எழுதினேன். நடுவில் தரைக்கும் கூரைக்கும் எத்தனை மீட்டர் என்று கேட்டால், ஒரு மரத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று பதில் வருகிறது.

மூன்று மாடி ஏறவைக்க மனமில்லை என்றாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுவர்களை மட்டும் படம் எடுத்தபோது உறைத்திருக்க வேண்டும். துவைத்த துணியாம். என் காதில் பூச்சுற்றப் பார்த்திருக்கிறாய், நானும் காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

வாஷிங்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேலே தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உத்தரத்தை ஒரு சாண் கீழே இறக்கி, நடுவில் மரத்தை நிறுத்திப் பார்த்தோம். பரணில் படுக்கிறவர்களின் முகத்துக்கு நேர்மேலே அந்த உத்தரம் வருகிறது. அங்கே யார் படுப்பது என்றுதான் அந்தப் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். "அந்த ரூம்ல யாரும் இருக்கக்கூடாதுப்பா" என்றார் வாஷிங்டன்.

அந்தத் தட்டைக் கூரையை வரைந்தவன் நான். பச்சைப் பூவெல்லாம் போட்டு, கடலைக் கூட வைத்து, மூன்று பிள்ளைகளை ஆசைகாட்டி அதன் கீழே கூப்பிட்டது என் படம். அந்தக் கூரை இடிந்து விழுந்தால் நீ பொய் சொன்னாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தாமரிஸ் பார்த்தது என்னுடையதை.

நீ அம்மாவைப் பார்த்துக்கொண்டாய், நான் வரவில்லை. அது உண்மை. ஆனால் அந்தக் கணக்கை இந்தப் பிள்ளைகள் தலையில் தீர்க்க முடியாது.

நீ கேட்டபடி சும்மா இருக்க என்னால் முடியவில்லை. தாமரிஸுக்குத் தனியாக எழுதிவிட்டேன். முட்டு இருக்கிறது, உத்தரம் இறங்கியிருக்கிறது, கையெழுத்துப் போடாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். மரிட்சா அடுத்த வாரம் கிளம்புகிறாள். இந்தக் கடிதத்தை உன்னிடமும் அதை ஆஸ்பத்திரியில் தாமரிஸ் கையிலும் நேரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் கொடுத்தால் அவளிடம் போய்ச் சேராது என்று பயந்தேன். மன்னித்துவிடு.

ஓஸ்மெல்


ஹவானா
ஜூன் 20, 2009

ஓஸ்மெலுக்கு,

மரிட்சாவின் விமானம் பனாமாவில் நின்றுபோய் உன் கடிதம் ஜூன் 10ஆம் தேதி என் கைக்கு வந்தது. அதே நாள் தாமரிஸுக்கும் அவளுடையது கிடைத்தது. தாமரிஸ் நம் மாடிப்படி ஏறியது ஜூன் 5ஆம் தேதி. தேதிகளைப் பார்த்துக்கொள். நீ அளவுகளில் கெட்டிக்காரன்.

நானாகத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். யாரும் சொல்லி இல்லை. பரணுக்கு மூன்று மெத்தை உறை தைத்துத் தரச் சொல்லி அவள் துணி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பிள்ளைகளை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கவைத்து அளவெடுத்தேன். பெரியவன் 1.31. நடுப்பிள்ளை நோஞ்சான், 1.08. கடைக்குட்டி ஒரு மீட்டர்கூட இல்லை, 98. அது அசையாமல் நிற்கமாட்டேன் என்றது, டேப் நுனியை வாயில் போட்டுக்கொண்டது. வேலைத்தலத்தில் மேஜைமேல் துணியை விரித்து, 98 என்று சாக்பீஸால் குறித்துவிட்டேன். வெட்டக் கை வரவில்லை. அரைநாள் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மேற்பார்வைக்காரி வந்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும்வரை. வெட்டாத துணியை மடித்து எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வா, அறையைப் பாரு" என்றேன்.

வந்து பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். அப்புறம் திட்டினாள் பார். "எம்புள்ளைங்க உசுரு உங்களுக்கு அவ்ளோ இளப்பமாப் போச்சா? படத்தைக் காட்டி ஏமாத்தினீங்களே, நீங்கள்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள். மாடிப்படி முழுக்க ஆள் கூடிவிட்டது. ஃபெர்மீன் சமாதானம் சொல்ல வாயெடுத்தார், அவருக்கும் கிடைத்தது. ஒரு வார்த்தைகூட அவள் அநியாயமாகச் சொல்லவில்லை. விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். இரண்டாம் மாடிவரை செருப்புச் சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது. திரும்ப ஏறி வந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "அப்ப நீங்க எங்கக்கா தூங்குறீங்க?"

வாசலைக் காட்டினேன். கதவு நிலைக்கு நேர்கீழே நாற்காலி போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஜனவரியிலிருந்து அப்படித்தான். வாசலுக்கு மேலே உள்ள வளைவு கல்லால் கட்டியது, விழாது என்று ஃபெர்மீன் சொன்னார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னை அந்த அளவு திட்டியவள்.

வீடு மாற்றுவது இல்லை என்று ஆகிவிட்டது. அந்தப் பெண் இன்னும் நடைபாதையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் மூன்று பக்கக் கடிதத்தை நான் நிறையத் தடவை படித்தேன். நீ சொன்னதெல்லாம் நியாயம், நான் செய்யப் பார்த்தது பாவம். இதில் எனக்கு வாதமில்லை. ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு என்று கேட்டாய். ஏணிக்கு எத்தனை படி என்று கேட்டாய். அம்மாவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டாய். அதில் யார் படுக்கிறார்கள் என்று கேட்கவில்லை. முட்டு இருக்கிறது என்று தெரிந்த பிறகாவது கேட்பாய் என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். பரணில் படுக்கப்போகிற பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தாய், எழுத வேண்டியதுதான். அந்த அறையில் யாரும் இருக்கக்கூடாது என்று உன் முதலாளி சொன்னதை எழுதியிருந்தாய். அந்த யாரும் யார், ஓஸ்மெல்? ஆறு மாதமாக அங்கே நான் இருந்தேன்.

நேற்று அறையைப் பூட்டிவிட்டேன். மெஷினையும் இரண்டு பை துணியையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கே இருக்கிறேன் என்று இதில் எழுதவில்லை. மரிட்சாவுக்குத் தெரியும். நீயாகக் கேட்டால் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

நெரெய்தா